ராயபுரத்துக்கு வரவேண்டிய மணல்

அக்கா மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை. இந்த ஆடியில் லீவுக்கு வந்தவர்கள் கல்மண்டபத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, குளிர்காலத்துக்கு ஒரு பயணத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர், மூன்று நாள், தெற்கு ஈராக். நாசிரியாவில் தங்க வேண்டும், சதுப்பு நிலத்து நாணல் வீடுகளைப் பார்க்க வேண்டும், மீனைப் பிளந்து விறகு நெருப்பில் வாட்டும் மஸ்கூஃப் சாப்பிட வேண்டும், அப்புறம் ஒரு பழைய நகரம்.

"மாமா, அந்த ஊரோட பேரே ஊர்தான்" என்றாள்.

உண்மைதான். சுமேரியர்களின் நகரம், ஊர். நம் சொல்லுக்கும் அதற்கும் உறவு உண்டென்று மேடையில் முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஈரெழுத்துச் சொற்கள் உலகத்தில் தற்செயலாக மோதிக்கொள்வது சகஜம். ஆனால் அந்த ஊருக்கும் நம் பக்கத்துக்கும் போக்குவரத்து இருந்தது உண்மை. 1922 முதல் 1934 வரை அங்கே அகழாய்வு செய்த லியனார்ட் வுல்லி, அரச கல்லறைகளிலிருந்து சிவப்புச் சூதுபவள மணிகளை எடுத்தார். அவற்றில் சில சிந்துவெளிப் பட்டறைகளில் செய்தவை. வளைகுடா வழியாகக் கப்பலில் போன சரக்கு.

மாப்பிள்ளை போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "துறைமுகம்னு போட்டிருக்கு மாமா. சுத்திச் சுத்திப் பார்த்தா ஒரே பொட்டல். கடல் எங்க?"

நல்ல கேள்வி. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஊர்நம்மு என்ற அரசன் அங்கே படிப்படியான செங்கல் மேடைக் கோயிலைக் கட்டியபோது வளைகுடாவின் முனை இப்போதைவிட நகரத்துக்கு வெகு பக்கத்தில் இருந்தது. டைக்ரிஸும் யூப்ரடீஸும் மலைகளிலிருந்து வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டன. யூப்ரடீஸும் தன் தடத்தை மாற்றிக்கொண்டு விலகியது. இன்று கடல் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நம் கொற்கைக்குத் தாமிரபரணி செய்ததும் இதுதான். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இப்போது சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது.

"கடல் எங்கே போச்சுன்னு பார்க்க ஈராக் போலாம், போங்க. ஆனா கடல் எங்கே வந்துச்சுன்னு பார்க்கணும்னா நாளைக்குக் காலையில செருப்பு மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க. ராத்திரி சாப்பாட்டுக்குள்ள திரும்பிடலாம்" என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: கல்மண்டபம் மார்க்கெட்டில் இரண்டு ஆரஞ்சு வாங்கிக்கொள்ள வேண்டும். எதற்கென்று அப்போது சொல்லவில்லை.

முதலில் ராயபுரம் ரயில் நிலையம். கடற்கரை நிலையத்திலிருந்து வடக்கே போகிற எலெக்ட்ரிக் ரயிலில் தினம் ஆயிரக்கணக்கானவர்கள் இதைக் கடந்து போகிறார்கள். இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு. 1856 ஜூனில் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1ஆம் தேதி இங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் போனதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். மும்பை-தானே பாதை இதைவிட மூன்று வருடம் மூத்தது. ஆனால் அங்கே அன்றைய நிலையக் கட்டடம் இல்லை. இங்கே கிரேக்கக் கோயில் மாதிரி தூண் வைத்துக் கட்டிய முகப்பு இன்னும் நிற்கிறது.

அந்தத் தூண்களுக்கு அடியில் நின்றபோது இரண்டு பேரையும் ஒன்றை யோசிக்கச் சொன்னேன். 1856இல் மெட்ராஸுக்கு ரயில் வந்துவிட்டது, துறைமுகம் வரவில்லை. இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகக் கப்பல் வணிகத்தால் வாழ்ந்த நகரத்தில் கப்பல் வந்து ஒட்ட ஓர் இடம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவருவது மசூலாப் படகுக்காரர்களின் வேலை.

மசூலாவில் ஆணி இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். மெட்ராஸ் கரையில் அலை ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து மடியும். வெள்ளைக்காரனின் ஆணியடித்த படகு அதில் மாட்டினால் கரையில் மோதும்போது ஆணி விட்டுப் பலகை பிளந்துவிடும். தைத்த படகு அப்படியல்ல. மோதும்போது மொத்த உடம்பும் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். அடியின் வேகம் ஒரு மூட்டில் போய் நிற்காமல் நூற்றுக்கணக்கான தையல்களில் பரவிக் கரையும். ஓட்டை விழுந்தால் கயிற்றை இறுக்கித் திரும்பவும் தைத்துக்கொள்ளலாம். இதை இன்று ஒரு பொறியாளர் சொன்னால் பெரிய கண்டுபிடிப்பு என்போம்.

இந்த இடத்தில் ஈராக் வந்து நுழைவதைத் தவிர்க்க முடியாது. டைக்ரிஸில் போன நூற்றாண்டுவரை குஃபா என்ற வட்டப் படகு ஓடியது. கூடை மாதிரிப் பின்னி, வெளியே கீல் பூசியது. ஒகேனக்கல் பரிசலைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் வெளிநாட்டுப் படமாகவே தெரியாது.

நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் புனித ராயப்பர் கோயில். பீட்டருக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர் ராயப்பர். ராயபுரம் என்ற பெயரே அவரிடமிருந்து வந்தது என்பார்கள். மீனவர்களின் காவலருக்கு இந்தக் கோயிலை எழுப்பியவர்கள் மசூலாப் படகுக்காரர்களின் சமூகம். அலையில் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த காசு. அந்தக் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: துறைமுகம் வந்தபோது முதலில் போனது இவர்களின் தொழில். அடுத்துப் போனது என்ன என்பதைப் பார்க்கத்தான் இந்த நடை.

அதற்குள் அராத்தூன் சாலையில் ஒரு நிமிடம் நின்றோம். சாலையின் பெயர் ஆர்மீனியப் பெயர். அதில் இருப்பது பார்சிகளின் அக்னிக் கோயில். தமிழ்நாட்டிலேயே இது ஒன்றுதான். ஃபிரோஜ் கிளப்வாலா, சிறுவயதில் இறந்துபோன தன் மகன் ஜாலின் நினைவாகக் கட்டிக் கொடுத்தார். 1910இலிருந்து உள்ளே நெருப்பு அணையாமல் காக்கப்படுகிறது. பார்சி அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். பார்சிகளின் முன்னோர் பாரசீகத்தை விட்டு வந்தவர்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாரசீகத்தை ஆண்ட சாசானியர்களின் தலைநகரம் டெசிஃபோன், பாக்தாத்துக்குத் தெற்கே, இன்றைய ஈராக்கில் இருக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. அதன் பிரம்மாண்டமான செங்கல் வளைவு இன்னும் நிற்கிறது. மாப்பிள்ளை உடனே போனை எடுத்துத் திட்டத்தில் அதையும் சேர்த்துக்கொண்டார். மூன்று நாள் நாலு நாளானது.

பிறகு காசிமேடு. விடிகாலையில் வந்திருந்தால் ஏலம் பார்த்திருக்கலாம். நாங்கள் போனபோது கூடைகள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. துறையைத் தாண்டி வடக்கே நடந்தால் கடல் தெரிகிறது, கரை தெரியவில்லை. கரையில் இருப்பது மணல் அல்ல, கருங்கல். ஆள் உயரக் கற்களைக் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். அலை அதன் மேல் மோதித் தெறிக்கிறது. திருவொற்றியூர் நோக்கிப் போகப் போக இதே காட்சிதான். குப்பங்களில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். கல்லுக்கு அப்பால் தண்ணீரைக் கை காட்டி, அங்கேதான் வலை காயவைத்தோம், அங்கேதான் எங்கள் தெரு என்பார்கள்.

"புயல்ல போச்சா மாமா?"

புயலும் அதன் பங்குக்குக் கொண்டுபோனது. ஆனால் பெரிய வேலையைச் செய்தது புயல் அல்ல, சாதாரண அலை. அதுவும் ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியாத அளவில்.

கரையில் நின்று பார்த்தால் அலை நேராக வருவதுபோலத்தான் தெரியும். உற்றுப் பார்த்தால் ஒரு முனை முன்னாலும் மறுமுனை பின்னாலுமாகக் கொஞ்சம் சாய்ந்து வரும். சாய்வாக வந்த அலை மணலில் ஏறும்போதும் சாய்வாகவே ஏறும். ஆனால் இறங்கும்போது அதற்குச் சாய்வு கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு எது குறுக்கு வழியோ அப்படி நேராக இறங்கும். ஒரு மணல் பருக்கை அந்தத் தண்ணீரோடு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக ஏறி, நேர்க்கிழக்கே இறங்கினால், கிளம்பிய இடத்தில் போய் நிற்காது, கொஞ்சம் வடக்கே நிற்கும். அடுத்த அலையில் இன்னும் கொஞ்சம். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி, ஏறி இறங்கி அது கரையோரமாக நடந்துகொண்டே இருக்கும். பத்து விநாடிக்கு ஓர் அலை என்று வைத்தால் ஒரு நாளைக்கு எட்டாயிரத்து அறுநூறுக்கு மேல் அடி எடுத்துவைக்கும். அலை உடைகிற இடத்தில் கரைக்கு இணையாக ஒரு நீரோட்டமும் உண்டு. கலங்கிய மணலை அதுவும் சேர்த்து இழுத்துப் போகும்.

சென்னை மீனவர்களுக்கு இது பாடம் படித்துத் தெரிய வேண்டிய விஷயமில்லை. தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்பார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வன்னி. மணல் தெற்கே நடக்கும். ஆண்டின் பெரும்பகுதி தெண்டி. மணல் வடக்கே நடக்கும். வரவு செலவு பார்த்தால் ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது.

இதில் எனக்கு இன்னும் பழகாத ஆச்சரியம் ஒன்று உண்டு. அந்த அலைகள் எல்லாம் நம் காற்று எழுப்பியவை அல்ல. நீண்டு, மெதுவாக, எண்ணெய் பூசியதுபோல் வருகிற அலைகளில் பல, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்க்டிக்காவைச் சுற்றிய குளிர் கடலில் அடித்த புயல்களின் மிச்சம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நாள்கணக்கில் பயணம் செய்து வந்து, திருவல்லிக்கேணியில் ஒரு பருக்கையை ஒரு சாண் தள்ளிவிட்டு முடிந்துபோகின்றன.

சரி, துறைமுகத்துக்கு வருவோம். 1875 கடைசியில் வேல்ஸ் இளவரசர் கல் நட்டார். வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டம்: கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு கல் கைகளை நீட்டி, அவற்றுக்கு நடுவே கப்பலுக்கு அமைதியான தண்ணீர். வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பரில் புயல் வந்து கைகளை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். கிழக்கே திறந்திருந்த வாய் மணலாலும் அலையாலும் தொல்லை கொடுத்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை மூடி வடகிழக்கே வாய் வைத்தார். இப்படிப் புயலோடு மல்லுக்கட்டிக் கட்டிய கதையை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். வழியில் நடந்துபோன பருக்கையைக் கேட்டவர் குறைவு.

தெற்கேயிருந்து ரம்பப் பல்லாக நடந்து வந்த மணலுக்கு இப்போது குறுக்கே ஒரு சுவர். சுவரைத் தாண்டிப் போகப் போதுமான ஆழத்தில் தண்ணீருக்கு அதைத் தூக்கும் பலம் இல்லை. எனவே சுவருக்குத் தெற்கே உட்கார்ந்தது. அதன் மேல் இன்னொன்று உட்கார்ந்தது. கடல் பின்வாங்கியது. ஒரு காலத்தில் கோட்டைச் சுவர்ப் பக்கம் வந்து அலையடித்த கடல் தள்ளிப் போனது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே ஒரு நடைபாதை போட்டு, சிசிலித் தீவில் பார்த்த கடற்கரையின் நினைவில் மெரினா என்று பெயர் வைத்தார்.

நம்பாதவர்களுக்கு ஐஸ் ஹவுஸ் சாட்சி. 1842இல் அமெரிக்க ஐஸ் வியாபாரி டியூடரின் கம்பெனி அதைக் கட்டியது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் வந்து, படகில் இறங்கி, உருகுவதற்குள் உள்ளே போயாக வேண்டும். அதனால் கடலோரத்தில் கட்டினார்கள். இன்றைக்கு அந்த வட்டக் கட்டடத்தின் வாசலிலிருந்து தண்ணீரைத் தொட, சாலையைக் கடந்து, கால் புதையும் மணலில் வெகுதூரம் நடக்க வேண்டும். மெரினாவின் மணல் சில இடங்களில் நானூறு மீட்டர் அகலத்தையும் தாண்டும்.

அதே சமயம் சுவருக்கு வடக்கே? அலை வழக்கம்போல வந்தது, வெறுங்கையோடு வந்தது. நீரோட்டத்துக்கு மணலைச் சுமக்கிற தெம்பு இருக்கிறது, சுமக்க மணல் இல்லை. தெற்கேயிருந்து வரவேண்டிய பங்கு வராததால் ராயபுரத்துக் கரையிலிருந்தே எடுத்துக்கொண்டது. தினமும் நடப்பதுபோல் வடக்கே கொண்டுபோனது. போனது போய்க்கொண்டே இருக்க, புதிதாக வருவது நின்றுவிட்டது. பாங்க் கணக்கில் சம்பளம் விழாமல் மாதாமாதம் தவணை மட்டும் கழிவது மாதிரி.

கல் கொட்டியது அதற்குத்தான். கல் கரையைக் காத்தது, மணலைக் கொண்டுவரவில்லை. மோதித் திரும்பும் அலை அடிமணலை இன்னும் அரிப்பதும் உண்டு. பிறகு 2000களில் கடலுக்குள் குறுக்கே நீளும் கற்கரைகளைக் காசிமேட்டுக்கு வடக்கே வரிசையாகப் போட்டார்கள். மீனவர்கள் அதற்குத் தூண்டில் வளைவு என்று பெயர் வைத்தார்கள். மணலைத் தூண்டில் போட்டுப் பிடிப்பது. பிடிக்கவும் செய்கிறது. ஒவ்வொரு வளைவின் இடுக்கிலும் கொஞ்சம் மணல் சேர்ந்து, படகு ஏற்ற இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அங்கே பிடித்த மணல் எண்ணூருக்குப் போகிற வழியில் இருந்த மணல்தானே. வரிசையின் வடக்கு முனையில் பசி அப்படியே இருக்கும். ராயபுரம் மெரினாவைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியை, அடுத்த குப்பம் ராயபுரத்தைப் பார்த்துக் கேட்கும்.

வேறு வழி இல்லையா என்றால் இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரிய மணலை நகரத்துக் கடற்கரையில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். புதுச்சேரியில் 1980களின் கடைசியில் கட்டிய துறைமுகத்தால் நகரத்துக்கு முன்னாலிருந்த மணல் காணாமல் போய், ஒரு தலைமுறைக்குக் கல்தான் கடற்கரை. தண்ணீருக்கு அடியில் ஒரு செயற்கைத் திட்டு வைத்து, மணலையும் கொட்டினார்கள். 2018 வாக்கில் மணல் திரும்பத் தெரிந்தது. காந்தி சிலைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் மறுபடி மணலில் விளையாடினார்கள். சுவர் நிறுத்தியதைக் கையால் எடுத்து மறுபக்கம் கொடுப்பது, அவ்வளவுதான் தத்துவம். செலவு என்னவோ ஒரு தடவையோடு முடியாது. அலை நிற்காதவரை இதுவும் நிற்க முடியாது. அதனால்தான் அரசாங்கங்களுக்கு ஒரேயடியாகக் கல் கொட்டுவது பிடிக்கிறது என்பது என் சந்தேகம்.

சாயங்காலம் பஸ் பிடித்து மெரினா வந்தோம். வழியில் கூவம் முகத்துவாரம். மூக்கைப் பொத்திக்கொண்ட பெண்ணிடம், இதிலும் அந்தப் பருக்கைக்குப் பங்கு உண்டு என்றேன். துறைமுகச் சுவருக்கு நேர் தெற்கே ஆற்றின் வாய். அங்கே சேர்கிற மணல் வாயை அடைத்துக்கொள்கிறது, கடல் தண்ணீர் உள்ளே வந்து அலசிவிட்டுப் போக வழியில்லை. சாக்கடையை விட்டது நாம், பூட்டியது மணல்.

சுண்டல் வாங்கிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போனோம். சுற்றிலும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். ஆரஞ்சை எடுக்கச் சொன்னேன். கடலியல் படிப்பவர்கள் நீரோட்டத்தை அளக்க நிஜமாகவே ஆரஞ்சு போடுவது உண்டு. தோலோடு இருந்தால் மிதக்கும், ஆனால் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருப்பதால் காற்று அதைத் தள்ளாது, தண்ணீர்தான் தள்ளும். நிறமும் தூரத்திலிருந்து தெரியும். (உரித்துப் போட்டால் மூழ்கிவிடும்; வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் பார்க்கலாம்.) மெரினாவில் காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது, கரையில் நின்றே வீசச் சொன்னேன்.

மாப்பிள்ளை நன்றாக வீசினார். அலைக்குப் பின்னால் விழுந்தது. ஒரு நிமிடம் ஒன்றும் ஆகாத மாதிரி ஏறி இறங்கியது. பிறகு பார்த்தால் நாங்கள் நின்ற இடத்துக்கு நேரே இல்லை. அவள் போனில் நேரம் பார்க்க, அவர் அதற்கு நேராகக் கரையில் நடந்து அடி எண்ணினார். நிமிடத்துக்கு இருபது அடி, இருபத்திரண்டு அடி. வடக்கே, துறைமுகத்து விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்த பக்கம். இரண்டாவது ஆரஞ்சும் அதே பக்கம் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஜோடி எங்களை விநோதமாகப் பார்த்தது.

வீட்டுக்கு வரும்போது எட்டு மணி. வாசல்படியில் உட்கார்ந்து அவள் செருப்பைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு கைப்பிடி இருக்கும். மாப்பிள்ளையும் ஷூவைக் கழற்றிக் கொட்டினார். அக்கா உள்ளேயிருந்து, "வாசல்ல கொட்டாதீங்க, கூட்டி வாரிப் போடுங்க" என்று சத்தம் போட்டாள். அவர் துடைப்பத்தை எடுத்து வந்து, அதை அள்ளாமல், வாசலோரத்துச் செம்பருத்தி அடியில் தள்ளிவிட்டார்.